அம்பாசிடர் 1489: ஐட்லிங் நிற்கவில்லை. கார்பரேட்டரா, மேனிஃபோல்டா?

மார்க்3_சேலம் · 4 ஜூன், இரவு 9.10

1978 மார்க் 3, பெட்ரோல், எஸ்யூ கார்பரேட்டர். ஸ்லோ ஸ்பீடை (ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம ஓடுற ஐட்லிங்) நிமிஷத்துக்கு 1,100 சுத்துக்குக் கீழ இறக்கினா வண்டி ஆடி ஆடி அணைஞ்சிடுது. ரேஸ் கொடுத்தா சுத்தமா ஏறுது. ரோட்டுல 60-ல போனா ஒரு குறையும் இல்ல. கார்பரேட்டர் ரெண்டு தடவை சர்வீஸ் ஆயாச்சு, ஊசியும் ஜெட்டும் புதுசு. "பாடி தேஞ்சு போச்சு, வேற கார்பரேட்டர் வாங்கிடு"ன்னு மெக்கானிக் சொல்றார். பிளக் நாலையும் கழட்டிப் பார்த்தேன். முன்னாடி ரெண்டும் வெள்ளைச் சாம்பல் மாதிரி, பின்னாடி ரெண்டும் காப்பிப்பொடி நிறம். கார்பரேட்டர் வாங்கிடலாமா?

பி_சீரிஸ் · 4 ஜூன், இரவு 10.35

வாங்க வேண்டாம். உங்கள் பிளக்குகளே பதில் சொல்லிவிட்டன.

இந்த எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) நாலு சிலிண்டருக்கு நாலு இன்லெட் துளை (கலவை உள்ளே போகும் வழி) கிடையாது, இரண்டுதான். முன் துளை 1, 2-க்கு. பின் துளை 3, 4-க்கு. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) மூன்று: 1-க்கு ஒன்று, 2-க்கும் 3-க்கும் பொதுவாக நடுவில் ஒன்று, 4-க்கு ஒன்று. ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட். எல்லாம் ஒரே பக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கிங் (கேஸ்கட்). இந்தத் துளைகளைக் கார்பரேட்டரோடும் சைலன்சரோடும் இணைக்கும் வார்ப்புக் குழாய்கள்தான் மேனிஃபோல்டு.

கார்பரேட்டர் ஒன்றே ஒன்று. அதில் கோளாறு என்றால் பெட்ரோல் குறைந்து நாலு பிளக்கும் சேர்ந்து வெளுக்கும், இல்லை பெட்ரோல் கூடி நாலும் சேர்ந்து கறுக்கும். முன் ஜோடி மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் முன் துளையின் வாயில் மேனிஃபோல்டு ஏர் இழுக்கிறது. ஒரே ஜோடிக்குள் லேசான நிற வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு துளையை இரண்டு சிலிண்டர் பங்கு போடும்போது அது இயல்பு. ஒற்றைச் சிலிண்டர் மட்டும் வெளுத்திருந்தால் மேனிஃபோல்டைச் சந்தேகப்பட மாட்டேன். டேப்பட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்கிறதா, எக்ஸாஸ்ட் வால்வு சரியாக அமர்கிறதா என்று அங்கே போவேன்.

செலவில்லாத சோதனை ஒன்று. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, கார்பரேட்டர் அடியில் இருக்கும் ஜெட் லீவரைக் கையால் ஒரு மில்லிமீட்டர் கீழே இழுங்கள். ஓட்டம் மென்மையானால் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. உள்ளே இருக்கும் சோக் குமிழை இழுத்துப் பார்க்காதீர்கள். அதன் முதல் இழுப்பு ஃபாஸ்ட் ஐடில் கேமை மட்டும் தள்ளி ரேஸை ஏற்றிவிடும், ஜெட் அசைந்தே இருக்காது. "சோக் இழுத்தா நல்லா இருக்கு" என்று தப்பாகப் படிக்க வைத்துவிடும்.

பி_சீரிஸ் · 4 ஜூன், இரவு 11.20

ரோட்டில் நன்றாக ஓடும் வண்டி ஐட்லிங்கில் ஏன் சாகிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஐட்லிங்கில் மேனிஃபோல்டுக்குள் 18 அங்குலப் பாதரச வேக்குவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே. அந்த நிலையில் எந்த ஓட்டை வழியாகவும் காற்று ஒலி வேகத்தில் பாயும். அதற்கு மேல் வேக்குவம் கூடினாலும் பாயும் அளவு கூடாது. 2 மி.மீ. விட்டமுள்ள ஓட்டை என்றால் நொடிக்கு ஏறக்குறைய 0.6 கிராம் காற்று. 1,489 சிசி எஞ்சின் 700 சுற்றில் விழுங்கும் மொத்தக் காற்றே நொடிக்கு 3 கிராம் சுமார். ஆக ஐந்தில் ஒரு பங்கு காற்று பெட்ரோலைப் பார்க்காமலே உள்ளே போகிறது. அதிலும் பெரும்பகுதி முன் ஜோடிக்கே போகிறது.

60 கி.மீ. வேகத்தில் அதே எஞ்சின் மூன்று மடங்கு காற்று இழுக்கும், ஓட்டை வழியே வருவது அதே 0.6 தான். முழு ஆக்சிலரேட்டரில் வேக்குவமே இருக்காது, ஓட்டையும் இல்லாத மாதிரி.

2 மி.மீ. ஓட்டை என்றால் கண்ணுக்குத் தெரிந்திருக்குமே என்பீர்கள். தெரியாது. ஒரு தலைமுடி தடிமன் இடைவெளி, ஃபிளாஞ்ச் (ஹெட்டோடு பொருந்தும் தட்டை முகம்) ஓரத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு இருந்தால் போதும், பரப்பளவு அதேதான்.

எஸ்யூவில் இன்னொரு வம்பு. லீக் வழியே வரும் காற்று கார்பரேட்டர் பிஸ்டனுக்கு அடியில் போவதில்லை. அதனால் பிஸ்டன் தாழ்ந்தே உட்கார்ந்து பெட்ரோலையும் குறைத்துக் கொடுக்கும். ஐட்லிங் ஏறிவிட்டது என்று ஸ்க்ரூவை மேலும் மூடினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மார்க்3_சேலம் · 5 ஜூன், காலை 7.15

ஜெட் லீவரை இழுத்தேன். உடனே ஆட்டம் குறைஞ்சுது. சரி, லீக் எங்கன்னு எப்படிப் பிடிக்கிறது? கார்ப் கிளீனர் ஸ்பிரே வச்சிருக்கேன்.

பி_சீரிஸ் · 5 ஜூன், காலை 8.00

ஸ்பிரேயைக் கீழே வையுங்கள். இந்த எஞ்சினில் இன்லெட்டுக்குப் பக்கத்திலேயே, கீழே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஓடிச் சூடான வண்டியில் அங்கே கிளீனர் அடித்தால் தீப்பிடிக்கும். வண்டியும் போகும், கையும் போகும்.

தண்ணீர் போதும். இராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் சூடேறுவதற்குள், அதாவது முதல் இரண்டு நிமிடத்துக்குள் சோதியுங்கள். பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, இணைப்பு ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஃபிளாஞ்சின் மேல் ஓரம் கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அங்கேயே விட்டுப் பார்த்து "லீக் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் திறப்பது பெரும்பாலும் அடி ஓரம். சிரிஞ்சு நுனியில் வளைந்த குழாய் மாட்டி அடியில் விடுங்கள். தண்ணீர் இடைவெளியை ஒரு நொடி அடைக்கும். ஓட்டத்தின் ஒலி மாறும், சில சமயம் உறிஞ்சும் சத்தமே கேட்கும்.

மூன்று அடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை இணைப்பு ஓரமாக நகர்த்துவதும் நல்ல முறை. ஃபேன் பெல்ட் பக்கம் குழாய் போகாமல் பிடியுங்கள்.

கிளீனர் முறையில் இன்னொரு வம்பு. ஏற்கெனவே யாராவது கலவையைக் கூட்டி வைத்திருந்தால் அதை அடிக்கும்போது ரேஸ் ஏறாது, இறங்கும். "ஏறினால்தான் லீக்" என்று நினைத்து ஏமாந்துபோவது அங்கேதான். ஏறினாலும் இறங்கினாலும், மாறினாலே லீக்.

மார்க்3_சேலம் · 6 ஜூன், காலை 6.50

முன் இன்லெட், அடி ஓரம். தண்ணி விட்டதும் "ஸ்ஸ்"னு உள்ள இழுத்துச்சு, ரேஸ் மாறிச்சு. மேல் ஓரத்துல ஒண்ணும் இல்ல, பின் இன்லெட்ல ஒண்ணும் இல்ல. வேக்குவம் கேஜும் மாட்டிப் பார்த்தேன். பழைய எல்பிஜி கிட்டுக்காக மேனிஃபோல்டுல துளை போட்டு ஒரு நிப்பிள் வச்சிருக்காங்க, ரப்பர் மூடி போட்டிருந்துச்சு, அதுல மாட்டினேன். 13 அங்குலம், முள்ளு ஆடாம நிக்குது.

பி_சீரிஸ் · 6 ஜூன், காலை 9.30

முள் ஆடாமல் தாழ்ந்து நிற்பது மேனிஃபோல்டு லீக்கின் குணம். சீராக விட்டுவிட்டு விழுந்தால் வால்வு. சேலம் உயரத்தில் நல்ல எஞ்சின் 17-லிருந்து 20 வரை காட்டும், தேய்ந்த எஞ்சின் 16 காட்டினாலும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் முள் இதே மாதிரி தாழ்ந்து நிற்கும். கேஜை மட்டும் நம்பி மேனிஃபோல்டைக் கழற்றாதீர்கள் என்பதற்குத்தான் தண்ணீர்ச் சோதனையை முதலில் சொன்னேன். உங்களுக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன.

அந்த ரப்பர் மூடியை இன்றே தூக்கிப் போடுங்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடித்து, விரலால் அழுத்தினால் வாய் பிளக்கும். எல்பிஜி கிட் கழற்றிய எல்லா வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நிப்பிளைக் கழற்றி, அதே மரைக்குப் பித்தளைப் பிளக் போட்டு அடையுங்கள்.

உதகை_வண்டி · 6 ஜூன், மதியம் 1.05

என் வண்டி ஊட்டியில் இருக்கிறது. 12 அங்குலம்தான் காட்டுகிறது. ஐட்லிங் நன்றாகவே நிற்கிறது. எனக்கும் லீக்கா?

பி_சீரிஸ் · 6 ஜூன், மதியம் 2.40

இல்லை. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும். உதகை 2,240 மீட்டர், 7,300 அடிக்கு மேல். கடல் மட்டத்தில் 19 காட்டும் எஞ்சின் உங்களிடம் 12 காட்டும். உங்கள் எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஒன்றையும் தொடாதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் மறுபடி மாட்டிப் பாருங்கள், முள் தானாக மேலே போயிருக்கும்.

பி_சீரிஸ் · 6 ஜூன், இரவு 8.15

சேலம்காரருக்கு, கழற்றும் வரிசை. பேட்டரி மைனஸ், ஏர் கிளீனர், பெட்ரோல் குழாய் (முனையை அடையுங்கள்), ஆக்சிலரேட்டர் இணைப்பு, சோக் கேபிள், டெல்கோவுக்கு (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) போகும் மெல்லிய வேக்குவம் குழாய். பிறகு கார்பரேட்டர். அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்லைட் கட்டையைப் பத்திரமாக எடுங்கள். பிறகு சைலன்சர் முன் குழாயின் நட்டுகள்.

மேனிஃபோல்டு நட்டுகள் 1/2 அங்குல ஸ்பேனர், 5/16 அங்குல ஸ்டட் (ஹெட்டில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்). முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். சுற்ற மறுத்தால் முறுக்கி உடைக்காதீர்கள். கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி. ஸ்டட்டே நட்டோடு சேர்ந்து வெளியே வந்தால் அது நல்ல செய்தி. புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது தண்ணீரில் நனைத்துச் சுரண்டுங்கள். பழைய பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்பி பிரஷ் போட்டு உலரத் தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். வழித்ததை ஈரத்தோடு பையில் கட்டிவிடுங்கள். இன்லெட் துளைகளில் துணி திணித்துவிட்டுச் சுரண்டுங்கள், முடிந்ததும் துணிகளை எண்ணி எடுங்கள்.

கழற்றிய பேக்கிங்கைத் தூக்கி எறியாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக நசுங்கிய இடம் பளபளவென்று கறுத்திருக்கும். முன் இன்லெட் அடியில் பேக்கிங் புதுசு மாதிரி தடித்து, வரி வரியாகப் புகை ஓடின தடம் இருந்தால், அந்த இடத்தை மேனிஃபோல்டு அழுத்தவே இல்லை என்று அர்த்தம். அப்போது புதுப் பேக்கிங் மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் இதே கதைதான்.

மார்க்3_சேலம் · 8 ஜூன், மாலை 6.30

கழட்டியாச்சு, ஸ்டட் ஒண்ணும் உடையல. நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. எக்ஸாஸ்ட் சுத்தி எல்லாம் நசுங்கி கண்ணாடி மாதிரி. முன் இன்லெட் அடில பேக்கிங் அப்படியே தடிமனா நிக்குது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சேன், இன்லெட் முகம் மட்டமாத்தான் இருக்கு, 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) கூட நுழையல. அப்புறம் ஏன் அழுத்தல?

பி_சீரிஸ் · 8 ஜூன், இரவு 7.10

காதுகளின் (நட் அழுத்தும் நீட்டிய பகுதிகள்) தடிமனை அளந்தீர்களா? முகம் மட்டமாக இருப்பது வேறு, தடிமன் ஒன்றாக இருப்பது வேறு.

இந்த எஞ்சினில் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டட்டுகள் இரண்டுக்கும் பொது. ஒரு பெரிய தடித்த வாஷர், ஒரு பாதி இன்லெட் காதின் மேல், மறு பாதி எக்ஸாஸ்ட் காதின் மேல். ஒரே நட் இரண்டையும் அழுத்துகிறது. எக்ஸாஸ்ட் காது கொஞ்சம் தடித்திருந்தால் வாஷர் அதன் மேல் ஏறிச் சாய்ந்து நிற்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பலம் முழுக்க எக்ஸாஸ்டுக்கே போகும், இன்லெட் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

வெர்னியரால் அளந்து போடுங்கள். அந்த வாஷர்களையும் தட்டையான கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், வளைந்திருக்கும்.

மார்க்3_சேலம் · 8 ஜூன், இரவு 8.45

முன்பக்கம் இன்லெட் காது எக்ஸாஸ்டைவிட 0.6 மி.மீ. மெலிசு. பின்பக்கம் 0.15 தான் வித்தியாசம். வாஷர்ல ஒரு பாதி மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு. இன்லெட் முகத்துல மில்லிங் கோடு தெரியுது, யாரோ முன்னாடி ஃபேசிங் போட்டிருக்காங்க.

பி_சீரிஸ் · 8 ஜூன், இரவு 9.00

அதேதான். முன்பு யாரோ லீக் என்று இன்லெட்டை மட்டும் மில்லிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் சாய்வாகப் பிடித்து. முகம் மட்டமாகிவிட்டது, காது மெலிந்துவிட்டது. லீக்குக்குச் செய்த வைத்தியமே அடுத்த லீக்குக்குக் காரணம்.

வழி: 0.6 மி.மீ. படி வைத்து வாஷர் கடைந்து போடுங்கள். தடித்த பாதி இன்லெட் பக்கம்.

லேத்_கோவை · 9 ஜூன், காலை 10.20

படி வாஷர் வேண்டாம். நட் இறுகும்போது வாஷரும் கூடவே சுற்றும். படி திரும்பி ஸ்டட்டுக்குக் குறுக்கே நின்றால் இன்லெட் காது ஒடியும். வார்ப்பு அலுமினியம் அதிகம் வளையாது, சட்டென்று உடையும். வாஷரைப் பிடித்து நிறுத்த ஓர் ஊசியோ தட்டைப் பக்கமோ இல்லாமல் படி வாஷர் போடக்கூடாது.

சரியான வேலை: எக்ஸாஸ்ட் காதின் வெளிப்பக்கத்தில், வாஷர் உட்காரும் இடத்தில் மட்டும் ஸ்பாட் ஃபேசிங் (அந்த இடத்தை மட்டும் மட்டமாகக் கடைவது) போட்டு 0.6 எடுங்கள். பேக்கிங் முகத்தைத் தொட வேண்டாம், துளை உயரம் மாறாது. எக்ஸாஸ்ட் வார்ப்பிரும்பு, காது தடிமனாகவே இருக்கும், 0.6 போனால் ஒன்றும் ஆகாது. எக்ஸாஸ்டின் பேக்கிங் முகத்தையும் பாருங்கள். சூட்டில் இரண்டு முனையும் ஹெட்டை விட்டு விலகி வளையும். 0.2-க்கு மேல் ஃபீலர் நுழைந்தால்தான் அந்த முகத்துக்கு மில்லிங், அதுவும் எவ்வளவு எடுக்கிறோமோ அதைக் காது கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் பேக்கிங் இல்லாமல் இரண்டையும் ஹெட்டில் ஏற்றி, வாஷர் வைத்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, வாஷருக்கு அடியில் இரண்டு பக்கமும் ஃபீலர் விட்டுப் பாருங்கள். 0.05 எந்தப் பக்கமும் நுழையக் கூடாது.

பி_சீரிஸ் · 9 ஜூன், காலை 11.00

லேத்காரர் சொன்னதே சரி. நான் சொன்ன படி வாஷரை விட்டுவிடுங்கள். வாஷர் சுற்றுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாஷர்களையும் புதிதாக, தட்டையாக, 5 மி.மீ.க்குக் குறையாமல் கடையச் சொல்லுங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய வாஷர்களில் பாதி ஏற்கெனவே வளைந்தவை.

ஹெரால்டு_மெட்ராஸ் · 9 ஜூன், மதியம் 3.30

ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே நோய் உண்டா?

பி_சீரிஸ் · 9 ஜூன், மாலை 5.15

உண்டு, கூடவே இன்னொன்று. அதில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் நடுவில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அந்த இணைப்பை முதலிலேயே இறுக்கிவிட்டு ஹெட்டில் ஏற்றினால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் அமராது. நடு இணைப்பைக் கைத்தளர்வில் விட்டு, இரண்டையும் ஹெட்டோடு இறுக்கி, கடைசியில் நடு இணைப்பு. இந்த வரிசை மாறினால் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது.

மார்க்3_சேலம் · 12 ஜூன், இரவு 7.40

லேத் வேலை முடிஞ்சுது. ஃபீலர் எந்தப் பக்கமும் நுழையல. பேக்கிங்ல ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் அட்டை. எது எந்தப் பக்கம்? சிலிகான் தடவட்டுமா?

பி_சீரிஸ் · 12 ஜூன், இரவு 8.30

தகரப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்த்து, அட்டை ஹெட்டைப் பார்த்து. சூட்டில் மேனிஃபோல்டு நீளும்போது தகரத்தின் மேல் வழுக்கிப் போகும். அட்டைப் பக்கம் மேனிஃபோல்டில் ஒட்டினால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் பிய்யும். பேக்கிங்கிலேயே பக்கம் அச்சிட்டிருந்தால் அதைக் கேளுங்கள், என்னை அல்ல.

சிலிகான் கூடவே கூடாது. பெட்ரோல் பட்டால் ஊதி, கொழகொழவென்று ஆகி, துண்டாகப் பிய்ந்து வால்வுக்குப் போகும். எக்ஸாஸ்ட் பக்கம் கருகிப் பொடியாகும். இந்தப் பேக்கிங் உலர்ந்தே போட வேண்டியது. முகம் மட்டமாக இருந்தால் பசை தேவைப்படாது. பசை தேவைப்படுகிறது என்றால் முகம் மட்டமாக இல்லை.

பேக்கிங் துளை இன்லெட் துளைக்குள் நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பார்த்து, நீட்டினால் பிளேடால் வெட்டுங்கள். நட் பித்தளையில் வாங்குங்கள், இரும்பு நட் அடுத்த முறை ஸ்டட்டோடுதான் வரும். நைலான் வைத்த நட் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு நைலான் நிற்காது. நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று சுற்றாக: முதலில் கைப்பிடி, பிறகு 8 அடி-பவுண்டு, கடைசியாக 15. அதோடு நிறுத்துங்கள். 5/16 ஸ்டட்டுக்கு அது போதும். லீக் பயத்தில் 25 வரை முறுக்கினால் ஹெட்டிலிருக்கும் மரை உருவிக்கொண்டு வரும்.

சைலன்சர் முன் குழாயைக் கடைசியில் மாட்டுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் அந்தக் குழாயைத் தாங்கும் கிளாம்பு இருக்கிறதா? பல வண்டிகளில் அது உடைந்து, யாரும் திருப்பி மாட்டாமல் விட்டிருப்பார்கள். அப்போது குழாயின் எடையும் ஆட்டமும் முழுக்க மேனிஃபோல்டில் தொங்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப்போயிருந்தாலும் அதேதான்.

பி_சீரிஸ் · 12 ஜூன், இரவு 10.05

பேக்லைட் கட்டையை மறந்துவிட்டேன். அதற்கு இரண்டு பக்கமும் பேப்பர் பேக்கிங் வேண்டும். கார்பரேட்டர் ஃபிளாஞ்சை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் காதுகள் மேனிஃபோல்டு பக்கமாக வளைந்து நடுவில் இடைவெளி விட்டிருக்கும். தடித்த கண்ணாடியில் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எட்டு போடுகிற மாதிரி ஃபிளாஞ்சைத் தேய்த்தால் வளைவு தெரிந்துவிடும்: முதலில் காதுகள் மட்டும் பளபளக்கும். முகம் முழுக்க ஒரே நிறம் வரும்வரை தேயுங்கள், 400-ல் முடியுங்கள், பெட்ரோலால் கழுவுங்கள்.

கார்பரேட்டர் கையில் இருக்கும்போதே திராட்டில் ஸ்பிண்டிலை (ஆக்சிலரேட்டருக்குத் திறக்கும் காற்றுத் தட்டின் அச்சு) மேலும் கீழும் ஆட்டுங்கள். விரலில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் அதுவும் ஏர் இழுக்கும். புது ஸ்பிண்டில் மட்டும் போட்டால் பாதிதான் சரியாகும், பாடியின் துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். ரீமர் போட்டுப் புஷ் வைக்க வேண்டும். தட்டின் இரண்டு சின்ன ஸ்க்ரூவின் பிளவு முனையை விரித்துவிட மறக்காதீர்கள். அது கழன்றால் நேரே சிலிண்டருக்குள்.

உங்கள் மெக்கானிக் "பாடி தேஞ்சு போச்சு" என்று சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் ஸ்பிண்டில் லீக் நாலு சிலிண்டரையும் ஒன்றாக மெலிய வைக்கும், முன் ஜோடியை மட்டும் அல்ல.

பி_சீரிஸ் · 13 ஜூன், காலை 6.40

ஒரு திருத்தம். முதல் நாள் எழுதியதைப் படித்தால் எல்லா ஏர் லீக்கும் ஐட்லிங்கில்தான் தெரியும் என்று படும். டெல்கோவின் வேக்குவம் அட்வான்ஸ் குழாய் அப்படி இல்லை. அது கார்பரேட்டரில் திராட்டில் தட்டின் ஓரத்தில் தொடங்குகிறது. தட்டு மூடியிருக்கும்போது அங்கே வேக்குவம் இல்லை. டெல்கோ முனையில் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர்ச் சவ்வு) கிழிந்திருந்தால் ஐட்லிங் கெடாது, லேசாக ஆக்சிலரேட்டர் வைத்து ஓடும்போதுதான் இழுவை குறைந்து பெட்ரோல் அதிகம் குடிக்கும். சோதனை எளிது: குழாய் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் நல்லது, மெல்ல விட்டுவிட்டால் கிழிசல்.

உதகை_வண்டி · 13 ஜூன், காலை 9.15

இப்போது வரும் எத்தனால் பெட்ரோலால்தான் பழைய வண்டிகள் இப்படி ஆகின்றன என்கிறார்களே?

பி_சீரிஸ் · 13 ஜூன், மதியம் 12.30

அதுவும் உண்மைதான், ஆனால் லீக்கோடு போட்டுக் குழப்பக் கூடாது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5 போதும். ஜெட்டை மாற்றாத கார்பரேட்டரில் கலவை சுமார் 8 சதவீதம் மெலியும். ஆனால் அந்த மெலிவு எல்லா வேகத்திலும், நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு. லீக் ஐட்லிங்கில் கடிக்கும், ரேஸில் மறையும். ரோட்டில் ஏறும்போதும் கார்பரேட்டர் வழியாகத் துப்பினால் எரிபொருளைப் பாருங்கள். சிக்னலில் மட்டும் அணைந்தால் மேனிஃபோல்டைப் பாருங்கள்.

எத்தனாலுக்கு ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை மட்டும் இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற குழாயாக மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊதி உள்ளே உரிந்து ஊசி வால்வை அடைக்கும்.

மார்க்3_சேலம் · 15 ஜூன், மாலை 5.50

மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணினா ரேஸ் தாறுமாறா ஏறுது, சைலன்சர்ல கறுப்புப் புகை. என்ன தப்பு?

பி_சீரிஸ் · 15 ஜூன், மாலை 6.20

தப்பு இல்லை. லீக் அடைபட்டுவிட்டது. அந்த லீக்கை ஈடுகட்ட இத்தனை நாள் கூட்டி வைத்த பெட்ரோலும் ஐட்லிங் ஸ்க்ரூவும் அப்படியே இருக்கின்றன. முதலிலிருந்து அமையுங்கள்.

பிஸ்டன் அறையைக் கழற்றி, ஜெட் நட்டை மேலே திருகி ஜெட்டைப் பாலத்தின் (பிஸ்டனுக்கு அடியில் ஜெட் எட்டிப் பார்க்கும் மேடை) மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து முழுசாக இரண்டு சுற்று கீழே, அதாவது நட்டின் பன்னிரண்டு முகம். பிஸ்டன் அறையின் மேலே இருக்கும் டேம்பரில் எஸ்ஏஇ 20 எண்ணெய். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கை 700-க்கு இறக்குங்கள். பிறகு பிஸ்டனை அதைத் தூக்குவதற்கென்றே இருக்கும் சின்னக் குச்சியால் (ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி அல்ல) முக்கால் மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். ரேஸ் ஏறி அப்படியே நின்றால் கலவை கூடுதல், நட்டை ஒரு முகம் மேலே. அணையப் பார்த்தால் மெலிவு, ஒரு முகம் கீழே. ஒரு கணம் ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் அதுதான் சரி. ஒவ்வொரு முறை நட்டைத் திருப்பிய பிறகும் ஒரு தடவை ரேஸ் கொடுத்து விட்டுவிட்டுப் பாருங்கள்.

டைமிங்கையும் லைட் வைத்துப் பாருங்கள். லீக் இருந்த காலத்தில் ஐட்லிங்கை நிறுத்த யாராவது டெல்கோவைத் திருப்பி வைத்திருப்பார்கள்.

மார்க்3_சேலம் · 16 ஜூன், இரவு 8.05

டெல்கோ திரும்பித்தான் இருந்துச்சு. சரி பண்ணினேன். நட்டு பத்து முகத்துல நிக்குது. ஐட்லிங் 680, ரேடியேட்டர் மேல வச்ச தம்ளர் தண்ணி சிந்தல. நிப்பிளை அடைக்கிறதுக்கு முன்னாடி கேஜ் மாட்டினேன்: 18.

பி_சீரிஸ் · 16 ஜூன், இரவு 8.40

மகிழ்ச்சி. நாளைக் காலை எஞ்சின் முழுக்க ஆறியதும் நட்டுகளை மறுபடி 15-க்குப் பாருங்கள், பேக்கிங் முதல் சூட்டில் அமுங்கியிருக்கும். 150 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. சூட்டோடு இறுக்க வேண்டாம். 500 கி.மீ.யில் பிளக்குகளைக் கழற்றி நாலையும் வரிசையாக வைத்து ஒரு படம் போடுங்கள்.

மார்க்3_சேலம் · 17 ஜூன், காலை 7.30

முன் இன்லெட் அடி நட்டு எட்டில் ஒரு பங்கு சுத்து போச்சு. மத்ததெல்லாம் அசையல.